நிரையையும் பார்த்து எடை போடுங்கள்: கணினிக் கொடைப் போட்டி ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். மலேசியாவிலுள்ள தமிழ் இளைஞர் அணிகளைத் திரட்டி, கணினிகளின் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் 14 நாள் கணினிக் கொடைப் போட்டியை நீங்கள் நடத்தி வருகிறீர்கள். சென்ற முறை எட்டு அணிகள் கலந்துகொண்டன. எட்டாவதாக வந்த சுங்கை சிப்புட் அணியின் பொறுப்பாளர் நான். தோற்றவர் எழுதும் கடிதம் என்று ஒதுக்கிவிடாமல் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

எட்டாவது இடம் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. போட்டி முடிந்த பிறகு நடந்ததுதான் வருத்தம். தொடங்கிய நாளில் எங்கள் அணியில் 23 பேர் இருந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 6 பேருடைய கருவிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. மற்ற 17 பேரும் சண்டை போடவில்லை, புலனக் (வாட்ஸ்அப்) குழுவைவிட்டு வெளியேறவும் இல்லை. சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “நம்ம பதினாலு நாளா ஓட்டுனத அங்க ஒருத்தர் ஒரு ராத்திரியில ஓட்டிடறாரு. அப்புறம் நம்ம கம்ப்யூட்டர் எதுக்கும்மா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் உங்கள் புள்ளிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இதைக் குழுவுக்கு வெளியே உள்ளவர்களும் படிப்பார்கள் என்பதால் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் வீட்டுக் கணினி பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதுதான் கணினிக் கொடை. ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டால், அது இணையம் வழியாக ஒரு சின்னக் கணக்கை வாங்கி, போட்டு முடித்து, விடையைத் திருப்பி அனுப்பும். அந்தச் சின்னக் கணக்கை நாங்கள் ‘யூனிட்’ என்கிறோம். 1999 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வேற்றுக்கோள் உயிர்களைத் தேடும் செட்டி அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியபோது இது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு 2000இல் புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் வந்தது. 2004 நவம்பரில் ஐபிஎம் நிறுவனம் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டைத் தொடங்கியது. இன்று அதன் பொறுப்பு கனடாவின் டொராண்டோவில் உள்ள கிரெம்பில் ஆய்வு நிலையத்திடம் இருக்கிறது. செட்டிக்காகப் பெர்க்லியில் பிறந்த பாய்ங்க் என்ற மென்பொருள்தான் இப்போது இப்படிப்பட்ட பல திட்டங்களுக்கு அடித்தளம்.

எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது நான் டெங்கியிலிருந்துதான் தொடங்குவேன். 2007இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கால்வெஸ்டன் மருத்துவக் கிளை, டெங்கிக்கு மருந்து தேடும் திட்டம் ஒன்றை வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டில் ஓட்டியது. டெங்கி என்றால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சாயங்காலம் புகையடிக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் சன்னல்களைச் சாத்தி ஓடுகிற பிள்ளைகள் நாங்கள். உன் வீட்டுக் கணினியும் அந்த மருந்தைத் தேடியிருக்க முடியும் என்று சொன்னால், பெரியவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டில் அடைந்து கிடந்த அந்த வாரங்களில்தான் எங்கள் அணி உருவானது. முதலில் நாலு பேர், நாலு பழைய மடிக்கணினிகள். அந்த மார்ச் மாதம் உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் ஃபோல்டிங் அட் ஹோமில் குவிந்தார்கள். எல்லாருக்கும் கொடுக்க அங்கே யூனிட்டே போதவில்லை. அதன் மொத்த வேகம் ஒரு எக்சாஃபிளாப்பைத் தாண்டியது. அதாவது நொடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியங்கள் போட்ட எண்ணிக்கையில் கணக்குகள். எங்கள் நாலு மடிக்கணினிகளும் வேலை கேட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. ஒரு யூனிட் வந்து இறங்கினால் குழுவில் படம் பிடித்துப் போட்டுக் கொண்டாடுவோம். அந்த உற்சாகத்தோடுதான் பின்னர் உங்கள் போட்டிக்கும் பெயர் கொடுத்தோம்.

இப்போது எங்கள் அணியில் இருப்பவர்கள் எல்பில், டோவன்பி, கமுனிங் என்று ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். போட்டிக்கு 14 மடிக்கணினிகள், 3 மேசைக் கணினிகள், மற்றவர்களுக்குக் கைப்பேசிகள். ஒரு மேசைக் கணினியில் மட்டும் கணக்கை வேகமாகப் போடும் கிராஃபிக்ஸ் கார்டு உண்டு, அதுவும் பழையது. கைப்பேசியில் பாய்ங்க் எப்படி ஓடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வழக்கமான அமைப்பில், மின்னூட்டத்தில் இருக்க வேண்டும், பேட்டரியும் 90 விழுக்காட்டை எட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் கணக்குப் போடத் தொடங்கும். படிவம் நான்கு படிக்கும் ஒரு பிள்ளை, இரவு பாடம் முடித்ததும் கைப்பேசியைச் சார்ஜில் போட்டு, சூடாகக் கூடாதென்று காற்றாடியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். 14 இரவும் அப்படிச் செய்தாள்.

மதிய மழையையும் சொல்ல வேண்டும். எங்கள் பேராக் மாநிலத்தில் மூன்று மணி, நாலு மணி வாக்கில் வானம் கறுத்தால் அடுத்தது இடிதான். ஒரு மின்னலில் மோடமும் கணினியும் சேர்ந்து போன வீடுகள் எங்களிடையே உண்டு. அதனால் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது எங்கள் ஊர்ச் சட்டம். போட்டியின் 14 நாளில் 9 நாள் அப்படிப் பிடுங்கினோம். மழை விட்டதும், ஒருவர் மற்றவருக்குத் தகவல் கொடுத்து மீண்டும் ஓடவிட்டோம். நகரத்து அடுக்குமாடியில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் அணியின் உழைப்பே அதில்தான் இருந்தது.

சரி, புள்ளிக்கு வருகிறேன். ஃபோல்டிங் அட் ஹோமில் ஒரு யூனிட்டுக்கு அடிப்படைப் புள்ளி உண்டு. அதற்கு மேல், சீக்கிரம் முடித்துத் திருப்பினால் ஊக்கப்புள்ளி. அதைப் பெறத் தனிக் கடவுக்குறி வாங்கி, 10 யூனிட்டாவது முடித்து, வாங்கியதில் 80 விழுக்காட்டைக் காலத்துக்குள் திருப்பியிருக்க வேண்டும். ஊக்கப்புள்ளி வேகத்தின் வர்க்கமூலத்தின்படி கூடும். இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். என் கணினியைவிடப் பத்து மடங்கு வேகமான கணினி, ஒரே நேரத்தில் பத்து மடங்கு யூனிட்டுகளை முடிக்கும். அதோடு ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய 3.2 மடங்கு புள்ளியும் வாங்கும். ஆக, பத்து மடங்கு வேகத்துக்கு 32 மடங்கு புள்ளி. நூறு மடங்கு வேகம் என்றால் ஆயிரம் மடங்கு.

இதை ஃபோல்டிங் அட் ஹோம் நடத்துபவர்களின் தவறு என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தேவை. ஒரு புரதம் மடியும் கதையில் ஒரு யூனிட் முடிந்த இடத்திலிருந்துதான் அடுத்த யூனிட் தொடங்கும். நான் ஒரு யூனிட்டை நாலு நாள் வைத்திருந்தால், அதற்குப் பின்னால் உள்ள சங்கிலி முழுவதும் நாலு நாள் காத்திருக்கும். அதனால் வேகத்துக்குப் பரிசு கொடுப்பது ஆராய்ச்சிக்கு நல்லது. ஆனால் அந்தப் புள்ளி யூனிட்டின் அவசரத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை அப்படியே எடுத்து, எந்த ஊர் அணி அதிகம் உழைத்தது என்று முடிவுசெய்யப் பயன்படுத்தியது நாம்தான்.

பாய்ங்க் புள்ளியிலும் வேறொரு சிக்கல். நொடிக்கு நூறு கோடிக் கணக்குப் போடும் கணினி ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 புள்ளி என்பதுதான் அதன் மூல அளவு. நடைமுறையில் ஒவ்வொரு திட்டமும் தன் மனம்போல் புள்ளி கொடுக்கிறது. அதே கார்டு, அதே மின்சாரம், திட்டத்தை மாற்றினால் புள்ளி பல மடங்கு ஏறும். உங்கள் சுவரொட்டியில் ‘புற்றுநோய் ஆராய்ச்சிக்காக’ என்று போட்டிருந்தீர்கள். விதிமுறையிலோ எந்தத் திட்டமானாலும் சேரும் என்று இருந்தது. ஐந்தாம் நாள் ஓர் அணி கூட்டமாகப் போய், புள்ளியை அள்ளிக் கொடுக்கும் ஒரு கணிதத் திட்டத்தில் சேர்ந்துகொண்டது. விதியை மீறவில்லை, அதனால் அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தாத்தாவைப் புற்றுநோயில் பறிகொடுத்த எங்கள் பையன் ஒருவன் என்னிடம் வந்து, “நாமும் மாறலாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனுக்கு அது புரிந்தது. இருந்தாலும் அந்தக் கேள்வியை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கேட்கும் நிலைக்கு நாம் கொண்டுவந்திருக்கக் கூடாது.

என் அம்மா பால் வெட்டியவர். கித்தா எனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடை என்றால் என்னவென்று தெரியும். விடியலுக்கு முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தனக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரைக்குப் போய், வெட்டி, பாலைச் சேர்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால், தோட்டத்துக் கணக்கரான கிராணி எடையைப் போட்டு எழுதுவார். புதுக்காட்டு நிரை கிடைத்தவருக்கு வாளி நிரம்பி வழியும். பழங்காட்டு நிரை கிடைத்தவர், வெட்டி வெட்டி மேலே போய்விட்ட பட்டையில், ஏணி வைத்து ஏறி வெட்டினாலும் பாதி வாளிதான். நிரையைக் கொடுத்தது நிர்வாகம். எடை குறைந்தது என்று பேச்சு வாங்கியது வெட்டியவர். அம்மா இதைச் சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது, ஒரு களைப்புதான் இருக்கும். லாரி அண்ணனின் குரலிலும் அதே களைப்பைத்தான் நான் கேட்டேன். அம்மாவுக்கு வயிற்றுப்பாடு, மறுநாளும் போய்த்தான் ஆக வேண்டும். இவருக்கு அப்படியில்லை. கொடை கொடுப்பவர் நினைத்த அன்றைக்கு நிறுத்திவிடலாம். அதனால் நமக்குக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

முதல் இடம் பிடித்த அணியின்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர்களும் செலவழிக்கிறார்கள். 65 வாட் மடிக்கணினி ஒன்று 14 நாள் இரவும் பகலும் ஓடினால் சுமார் 22 யூனிட் மின்சாரம். 2025 சூலைக்கு முன்பிருந்த கட்டணத்தில், முதல் 200 யூனிட்டுக்குள் அடங்கினால் 21.80 சென் வீதம் 5 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும். 300ஐத் தாண்டிய வீடானால் 51.60 சென் வீதம் 11 வெள்ளிக்கு மேல். 500 வாட் இழுக்கும் ஒரு மேசைக் கணினிக்கோ 168 யூனிட் மின்சாரம், கிட்டத்தட்ட 87 வெள்ளி. அப்படி மூன்று நாலு கணினி வைத்திருப்பவர் கொடுத்தது பெரிய கொடைதான். அவர்கள் முடித்த யூனிட் ஒவ்வொன்றும் ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தப் புள்ளிப் பட்டியலை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். அது இருக்கட்டும், அவர்கள் பெயர் மேலேயே இருக்கட்டும். சுழற்கிண்ணத்தை அந்த ஒரு பட்டியலை வைத்து மட்டும் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் முன்வைப்பது இதுதான். கிண்ணத்துக்கான மதிப்பெண்ணில் பாதி, புள்ளிக்கு. மறு பாதி, நாள் கணக்குக்கு. ஓர் உறுப்பினர் ஒரு நாளில் சரிபார்க்கப்பட்ட ஒரு யூனிட்டையாவது திருப்பிக் கொடுத்தால் அவருக்கு அன்று ஒரு நாள். பத்தாயிரம் வெள்ளிக் கணினியானாலும் ஒரு நாள்தான், சார்ஜில் கிடக்கும் கைப்பேசியானாலும் ஒரு நாள்தான். யூனிட் பெரிதாகி ஒரே நாளில் முடியாமல் போனால், அது ஓடிய நாட்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 14 நாளும் விடாமல் நின்றவர்கள் எத்தனை பேர், பெயர் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்ற விகிதம்தான் அணியின் நாள் மதிப்பெண். இதில் 60 பேர் உள்ள அணிக்கும் 12 பேர் உள்ள அணிக்கும் ஒரே அளவுகோல்.

நம் சமூகத்துக்கு இது புதிய எண்ணமும் இல்லை. எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கும் அளவுக்கு அந்தப் பத்து வெள்ளிகள் வளர்ந்தன. கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. பணம் பணமாகவும் கணக்கில் இருந்தது, ஆள் ஆளாகவும் கணக்கில் இருந்தார். நம் பெற்றோர் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்ட ஏற்பாடு அது.

நாள் கணக்கை வைத்தால் போலிக் கணக்குகள் முளைக்கும் என்று குழுவில் ஒருவர் ஏற்கெனவே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான பயம். ஒருவரே ஐந்து பெயரில் ஐந்து கைப்பேசி ஓட்டலாம். அதற்கு வழி, பெயர்ப் பட்டியலை ஊர்ப் பொறுப்பாளர் கையெழுத்திட்டுக் கொடுப்பது. அதைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே பூட்டிவிடுவது. எங்கள் ஊரைப் போன்ற இடத்தில் இல்லாத ஆளைப் பட்டியலில் சேர்த்தால் மறுநாளே கோயிலில் வைத்துக் கேட்பார்கள்.

பட்டியலைப் பூட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்ற போட்டியின் மூன்றாம் நாள், எங்களிடம் இருந்த ஒரே கிராஃபிக்ஸ் கார்டுக்காரர் வேறோர் அணிக்குப் போய்விட்டார். அங்கிருந்து அழைத்தார்களாம், ஜெயிக்கிற பக்கம் வா என்று. இளைஞர்தான், போனார், பின்பு வந்து வருத்தப்பட்டார். தோட்டத்துக் கால்பந்தில் அரையிறுதிக்கு வெளியூர் ஆட்டக்காரரைக் கொண்டுவந்து இறக்கினால் எப்படிச் சண்டை வரும் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதை நாம் கணினியில் செய்கிறோம், சண்டை மட்டும் வரவில்லை.

அடுத்து, அணிகளைப் பிரிப்பது. எட்டு அணிகளையும் ஒரே பட்டியலில் போடுவதைவிட இரண்டு பிரிவாக வைக்கலாம். பிரெஞ்சு மொழி பேசும் கொடையாளர்கள் நடத்தும் ஃபார்முலா பாய்ங்க் தொடரில் அணிகளைப் பலத்துக்கேற்பப் பல லீக்குகளாகப் பிரித்துத்தான் ஆண்டு முழுக்க ஓட்டுகிறார்கள். எந்தப் பிரிவு என்பதை முந்தைய வேகத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டும். இதில்தான் கவனம் தேவை. பாய்ங்க் காட்டும் அண்மைச் சராசரியை அப்படியே எடுத்தீர்களானால் ஏமாந்துபோவோம். அந்தச் சராசரி ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் பாதியாகிவிடும், இரண்டு வாரம் விட்டால் காலாகிவிடும். பலமான அணி இரண்டு வாரம் தூங்கிவிட்டு, கீழ்ப் பிரிவில் நுழைந்து, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதனால் ஆறு மாத மொத்தப் புள்ளியைப் பாருங்கள். ஆறு மாதம் தூங்கி ஏமாற்ற யாருக்கும் பொறுமை இருக்காது. அப்படி யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பே ஆறு மாதமும் கணினியை ஓடவைக்கும். நாம் விரும்புவதும் அதுதானே.

எல்லா ஊரையும் கலைத்து, பலமானவர், பலவீனமானவர் என்று மாற்றி மாற்றிப் புது அணிகளில் போடலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அதைவிடச் சமமான பிரிப்பு கிடையாது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓட்டுகிறார் என்பதற்காக ஓட்டுபவர்கள்தான் எங்கள் அணியில் பாதிப் பேர். முகம் தெரியாத ஒருவருக்காக மழை விட்டதும் ஓடிப்போய் யாரும் பிளக்கைச் செருக மாட்டார்கள். ஊர்கள் ஊர்களாகவே இருக்கட்டும். வேண்டுமானால் ஒரு நகர அணியையும் ஒரு தோட்டப்புற அணியையும் இணையாகச் சேர்த்துவிடுங்கள். அவர்களுடைய வேகமும் எங்களுடைய நாள் கணக்கும் ஒரே மதிப்பெண்ணாகட்டும். அப்போது அவர்கள் எங்களை அழைத்து, “ஏன் இன்று மூன்று பேர் குறைகிறார்கள்?” என்று கேட்பார்கள். கணினி தெரிந்த அவர்களுடைய பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை எங்கள் மண்டபத்துக்கு வந்து, தூசி அடைத்த மடிக்கணினிகளைத் திறந்து துடைத்துக் கொடுத்தாலே எங்கள் வேகம் கூடிவிடும்.

பதுக்கலைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். போட்டிக்கு முந்தைய வாரமே யூனிட்டுகளை நிறைய வாங்கி முடித்துவிட்டு, இணையத்தைத் துண்டித்து, விடைகளைக் கணினியிலேயே பூட்டி வைத்திருந்து, தொடக்க மணி அடித்ததும் மொத்தமாக அவிழ்த்துவிடுவது. உலகப் போட்டிகளில் இது பழைய தந்திரம். 2010 முதல் செட்டி ஜெர்மனி அணி நடத்திவரும் பாய்ங்க் பென்டாத்லானில் இது வியூகத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. பெரிய அணிகள் தங்களுக்குள் ஆடும் ஆட்டத்தில் அது சுவையாக இருக்கலாம். நம் போட்டியில் வேண்டாம். பல திட்டங்களில் ஒரே யூனிட்டை இரண்டு பேருக்கு அனுப்பி, இரண்டு விடையும் பொருந்தினால்தான் ஏற்பார்கள். நாம் பதுக்கி வைத்தால், எங்கோ பிரேசிலிலோ போலந்திலோ தன் பங்கை முடித்துவிட்டுக் காத்திருப்பவர் நமக்காக ஒரு வாரம் சும்மா நிற்கிறார். ஆராய்ச்சியாளரும் நிற்கிறார். போட்டி தொடங்கிய பிறகு வாங்கிய யூனிட் மட்டும்தான் கணக்கில் வரும் என்று ஒரு வரி விதி போதும்.

இணையம் வழி வாடகைக்கு எடுத்த முகில் (கிளவுட்) கணினிகளைத் தனியாகக் கணக்கிடுங்கள். அலுவலகக் கணினியோ பள்ளிக் கணினியோ என்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2009இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பள்ளிகளின் கணினிகளில் செட்டியை ஓட்டிய விவகாரத்தில் ஒரு தொழில்நுட்ப ஊழியர் வேலையைவிட்டுப் போக நேர்ந்தது. நம் பிள்ளைகள் யாருக்கும் அப்படி ஒரு நிலை வர வேண்டாம்.

பரிசு. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சென்ற முறை முதல் பரிசாக ஒரு புத்தம் புதிய கிராஃபிக்ஸ் கார்டு கொடுத்தீர்கள். நல்ல மனத்தோடு ஒரு கொடையாளர் வாங்கிக் கொடுத்தது. மேடையில் அதைப் பெற்றுக்கொண்ட அணியிடம் அதைப் போலப் பதினொன்று ஏற்கெனவே இருந்தது. பன்னிரண்டாவதை அவர்கள் வாங்கியபோது நானும் கைதட்டினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அந்தக் காற்றாடிப் பிள்ளையும் கைதட்டினாள். பேருந்தில் திரும்பி வரும் வழியில், “ஆண்ட்டி, அந்தக் கார்டு நம்ம மண்டபத்துக் கம்ப்யூட்டர்ல சேருமா?” என்று மட்டும் கேட்டாள். சேரும் என்றேன். உண்மையில் சேரும், மின்வழங்கியை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

அந்த ஒரு கார்டு எங்களிடம் இருந்திருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம் என்று சொல்லவில்லை. பலமான அணிக்கே மேலும் பலம் பரிசாகப் போனால், அடுத்த ஆண்டுப் போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். கிண்ணமும் பாராட்டும் ஜெயித்தவர்களுக்குப் போகட்டும். கருவியைப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், நாள் கணக்கில் முழு மதிப்பெண் பெற்ற எல்லாருடைய பெயரையும் போட்டுக் குலுக்கி எடுங்கள். யாருக்கு வந்தாலும் சரி, அவர் அதை ஓட்டுவார் என்பதற்கு 14 நாள் சாட்சி இருக்கும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஆண்டுக்கு 365 நாள், போட்டி 14 நாள், மீதி 351 நாள். ஒரு சாதாரண மடிக்கணினி அந்த 351 நாளில் பாதி நாள் ஓடினாலும், போட்டிக் காலத்தில் கொடுத்ததைப் போலப் பன்னிரண்டு மடங்கு கொடுத்திருக்கும். அப்படி ஓடியிருக்க வேண்டிய 17 கருவிகளை எங்கள் ஊர் இழந்தது. மற்ற ஊர்களில் எத்தனை நின்றன என்று கேட்டுப் பாருங்கள். கீழே இருந்த நாலு அணிப் பொறுப்பாளர்களையும் நீங்களே அழைத்துக் கேட்பது நல்லது. ஒரு போட்டி நன்றாக நடந்ததா என்று பார்க்க, அது முடிந்து மூன்று மாதம் கழித்து எத்தனை கருவிகள் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையையும் அடுத்த நிறைவு விழாவில் அறிவியுங்கள்.

இந்த மாற்றங்களை எல்லாம் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். நீங்களும் வேலை முடிந்து, இரவு உட்கார்ந்து, கைக்காசு போட்டு நடத்துபவர்கள்தான். முதலில் பெயர்ப் பட்டியலைப் பூட்டுவதையும் நாள் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கை எடுக்கும் வேலையை எங்களிடமே கொடுத்துவிடுங்கள். திட்டங்கள் வெளியிடும் புள்ளிவிவரத்தை நாள்தோறும் இறக்கிப் பட்டியலிடும் அட்டவணை ஒன்றை, கணிதத் திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்ட அந்தப் பதினேழு வயதுப் பையன் செய்து வைத்திருக்கிறான். சென்ற போட்டியின் 14 நாளுக்கும் எங்கள் அணிக்குப் போட்டுப் பார்த்தோம். மற்ற ஏழு அணிகளுக்கும் போட, உறுப்பினர் பெயர்ப் பட்டியலை நீங்கள் கொடுத்தால் போதும்.

அடுத்த போட்டிக்குப் பெயர் பதியத் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டுக்கு வாருங்கள். ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம்தான். காலையிலேயே வந்துவிட்டால் நல்லது, மதியம் மழை வந்தால் கணினிகளை அணைத்துவிடுவோம். லாரி அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவருடைய மடிக்கணினி இப்போது மண்டபத்து அலமாரியில் இருக்கிறது. நீங்கள் வரும் நாளில் அதை எடுத்துவைப்பேன். ஓட்டுவதா வேண்டாமா என்று அவரே உங்களிடம் சொல்லட்டும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் அணிப் பொறுப்பாளர்